நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"இந்த முறை நல்ல மார்க் எடுத்தால் என்ன வேண்டும்?" என்று அப்பா கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாதிப் பேர் சைக்கிள் கேட்பீர்கள். மீதிப் பேர்? "நாய்க்குட்டி!" என்றுதானே?

சைக்கிள் அலுத்துப்போனால் மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்துவிடலாம். அதற்குப் பசிக்காது, ராத்திரியில் அழாது. நாய்க்குட்டியை அப்படிச் சாத்தி வைக்க முடியாதே! அதனால், வாங்கும் முன்பே கொஞ்சம் துப்பறியும் வேலை பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வயதோடு 12-ஐக் கூட்டுங்கள். இப்போது பத்து வயது என்றால் விடை 22. இன்று வரும் குட்டி, நீங்கள் பிளஸ் டூ எழுதும்போதும் வீட்டில் இருக்கும். கல்லூரிக்கு வெளியூர் போகும்போதும் இருக்கும். நீங்கள் வேலை தேடும் வயதில் அது நரைத்த முகத்தோடு வாசலில் படுத்திருக்கும். சின்ன ஜாதி நாய்கள் பதினான்கு, பதினைந்து வருடம்கூட வாழும். செயின்ட் பெர்னார்டு மாதிரி பிரமாண்ட நாய்களின் ஆயுள் எட்டு முதல் பத்து வருடம்தான். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதுதான் நோட்டில் எழுத வேண்டிய முதல் கேள்வி. (பெரும்பாலும் பதில் 'அம்மா' என்றுதான் வரும். அதை அம்மாவிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள்!)

ஆளுக்கொரு வேலை!

உலகத்தில் சுமார் 350 நாய் இனங்கள் இருப்பதாக, பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நாய் வளர்ப்போர் சம்மேளனம் அங்கீகரித்திருக்கிறது. உள்ளங்கை அளவு சிவாவா முதல் கன்றுக்குட்டி உயர கிரேட் டேன் வரை எல்லாமே ஓநாய் வம்சம்தான். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

மனிதர்கள் நாய்களை அழகுக்காக வளர்க்கத் தொடங்கவில்லை. வேலைக்காக வளர்த்தார்கள். ஆடு மேய்க்க ஒரு இனம், பனியில் வண்டி இழுக்க ஒரு இனம், முயல் பிடிக்க ஒரு இனம், காவலுக்கு ஒரு இனம். அந்தந்த வேலையைச் சிறப்பாகச் செய்த நாய்களை மட்டும் ஜோடி சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட வைத்தார்கள். அதனால் அந்த வேலை இப்போது அதன் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. உங்கள் வீட்டில் ஆடே இல்லாவிட்டாலும் ஆடு மேய்க்கும் நாய்க்கு மேய்க்கத் தோன்றும். என்ன செய்யும்? உங்கள் குட்டித் தம்பியின் குதிகாலைச் செல்லமாகக் கடித்து, அவனை ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போகும்!

"இந்த நாய் பார்க்க எப்படி இருக்கிறது?" என்பதற்கு முன், "இந்த நாய் எந்த வேலைக்காக உருவானது?" என்று கேளுங்கள். அதன் தேவைகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

புள்ளி புள்ளி டால்மேஷியன்

இதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. டோடி ஸ்மித் என்ற ஆங்கில எழுத்தாளர் டால்மேஷியன் நாய்களை வளர்த்தவர். அவருடைய நாய்களில் ஒன்றின் பெயர் பாங்கோ. அவர் 1956-ல் எழுதிய 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' கதையின் நாயகனும் பாங்கோதான். வால்ட் டிஸ்னி நிறுவனம் அதை 1961-ல் கார்ட்டூன் படமாக எடுத்தது. 1996-ல் நிஜ நாய்களை நடிக்க வைத்து மறுபடியும் எடுத்தது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குட்டிகள்! பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அமெரிக்காவில் டால்மேஷியன் குட்டிகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கிறிஸ்துமஸ் பரிசாகக்கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

சில மாதங்கள் போயின. குட்டிகள் வளர்ந்தன. வீடுகளில் ரகளை ஆரம்பமானது. ஏன் தெரியுமா? டால்மேஷியன் பழைய காலத்து இங்கிலாந்தில் குதிரை வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடிய நாய். வழி நெடுக ஓடிவரும். வண்டி நின்றதும் குதிரைகளுக்குக் காவல் இருக்கும். பிறகு அமெரிக்காவில் குதிரை இழுத்த தீயணைப்பு வண்டிகளோடும் ஓடியது. பல மைல் ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பை ஒரு சின்ன ஹாலில் அடைத்தால்? சோபாவைக் கிழிக்கும், செருப்பைக் கடிக்கும், ஓயாமல் குரைக்கும். படத்தில் வரும் நாய்கள் இதையெல்லாம் செய்யவில்லையே என்று மக்கள் வெறுத்துப்போய், ஏராளமான நாய்களைக் கொண்டுபோய்க் காப்பகங்களில் விட்டுவிட்டார்கள்.

அந்த நாய்கள் என்ன தப்பு செய்தன, சொல்லுங்கள்?

டால்மேஷியன் பற்றி இன்னும் சில விஷயங்கள். குட்டி பிறக்கும்போது ஒரு புள்ளிகூட இருக்காது! வெள்ளை வெளேர் என்று பிறக்கும். இரண்டு மூன்று வாரத்தில்தான் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். இந்த இனத்தில் ஒரு காதோ, இரண்டு காதுமோ கேட்காமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு. நிறத்தைக் கொடுக்கும் செல்கள் காதின் உள்ளேயும் தேவைப்படுகின்றன. உடம்பில் வெள்ளை அதிகமாகும்போது அங்கேயும் அவை இல்லாமல் போகலாம். மேலும், மற்ற நாய்களைப் போல இல்லாமல் டால்மேஷியனின் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம் போகும். அதனால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் நிறைய கொடுக்க வேண்டும். ஈரல் போன்ற உணவுகளைத் தவிர்க்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று சினிமாவில் வந்ததா? இல்லையே!

சினிமாவில் நாய் நடித்தால் அந்த இனத்துக்குக் கிராக்கி கூடுகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க நாய்ப் பதிவேடுகளை அலசி, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். படம் வந்து பத்து வருடம் வரைக்கும்கூட அதன் பாதிப்பு இருப்பது தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது. பிரபலமான இனங்கள் மற்றவற்றைவிட ஆரோக்கியமாகவோ, நீண்ட ஆயுளோடோ, நல்ல குணத்தோடோ இருப்பதில்லையாம். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதால் மட்டுமே எல்லோரும் வாங்குகிறார்கள்!

நம்ம ஊர் விளம்பர நாய்

"அதெல்லாம் அமெரிக்காவில்தான்" என்கிறீர்களா? 2003-ல் நம் நாட்டு டி.வி.யில் ஹட்ச் செல்போன் விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு சின்னப் பையன் எங்கே போனாலும் ஒரு குட்டி நாய் பின்னாலேயே போகும். சலூனுக்குப் போனாலும் போகும், குளிக்கப் போனாலும் போகும். சப்பை மூக்கு, சுருக்கம் விழுந்த நெற்றி, உருண்டைக் கண். அந்த இனத்தின் பெயர் பக். ஆனால், ஜனங்கள் 'ஹட்ச் நாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், உடனே சிரிப்பார்கள். அதன் பிறகு தெருவுக்குத் தெரு பக் நாய்கள் முளைத்தன, விலையும் எகிறியது.

பக் சீனாவில் பிறந்த இனம். அரண்மனையில் மடியில் உட்கார்ந்திருப்பதுதான் அதன் வேலை. ரொம்ப சாது, குழந்தைகளோடு நன்றாக விளையாடும். இதெல்லாம் உண்மைதான். ஆனால், அந்த அழகான சப்பை மூக்குதான் அதன் பிரச்னையே.

வெயிலில் விளையாடினால் உங்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூடு தணிகிறது. நாய்க்கு அப்படி வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அது நாக்கைத் தொங்கப்போட்டு 'ஹா ஹா' என்று மூச்சு வாங்குகிறதே, அதுதான் அதன் ஃபேன்! நாக்கிலும் வாயிலும் மூக்கின் உள்ளேயும் இருக்கிற ஈரம் காற்றுப் பட்டு ஆவியாகி, உடம்பைக் குளிர்விக்கும். பக் நாய்க்கு மூக்கு நசுங்கி, மூச்சுப் பாதை குறுகிக் கிடக்கிறது. காற்று போய்வரவே திண்டாட்டம். பிறகு குளிர்ச்சி எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு அதை நடக்கக் கூட்டிப்போனால் உயிருக்கே ஆபத்து. 'கொர் கொர்' என்று அது குறட்டை விடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பாவம், அது மூச்சுக்குப் போராடுகிற சத்தமாகவும் இருக்கலாம்.

முகச் சுருக்கங்களுக்குள் அழுக்கும் ஈரமும் தங்கிப் புண்ணாகும். அடிக்கடி துடைத்துவிட வேண்டும். கண்கள் வெளியே துருத்திக்கொண்டு இருப்பதால் சுலபமாகக் காயம் படும். பல விமான நிறுவனங்கள் சப்பை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றிக்கொள்ளவே பயப்படுகின்றன. நெதர்லாந்து நாட்டில், மூக்கு மிகவும் குட்டையான நாய்களை வைத்துக் குட்டி போடச் செய்வதை 2019 முதல் கண்டிப்போடு தடுக்கிறார்கள்.

எண்பது டிகிரி வித்தியாசம்!

நீலக் கண்ணும் ஓநாய் முகமுமாக இருக்கும் சைபீரியன் ஹஸ்கி இன்றைய பிள்ளைகளின் கனவு நாய். அதன் பெருமைக்குக் குறைச்சலே இல்லை. 1925 ஜனவரி. அலாஸ்காவில் நோம் என்ற பனி ஊரில் குழந்தைகளுக்கு டிப்தீரியா நோய் பரவியது. மருந்து இருந்ததோ வெகு தூரத்தில். கப்பல் வராது, கடல் உறைந்துவிட்டது. அந்தக் கால விமானமும் அந்தக் குளிரில் பறக்க முடியாது. என்ன செய்தார்கள்? 20 வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும் ரிலே ரேஸ் மாதிரி மருந்தைக் கைமாற்றி, 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்தார்கள். மிக நீளமான, மிக ஆபத்தான பகுதியை ஓடிய நாய் டோகோ. கடைசிப் பகுதியை ஓடி ஊருக்குள் நுழைந்தது பால்டோ. அதே வருடம் பால்டோவுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்துவிட்டார்கள். டோகோவின் பெயர் ரொம்ப நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. (உலகம் எல்லா இடத்திலும் இப்படித்தான் போல!)

அந்தப் பயணத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போனது. வேலூரில் மே மாதம் வெயில் எவ்வளவு? 40 டிகிரியைத் தாண்டும். கழித்துப் பாருங்கள். எண்பது டிகிரி வித்தியாசம்! ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, மேலே நீளமாக ஒன்று. அது ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்ட மாதிரி. "மொட்டை அடித்துவிடலாமே" என்று நினைக்காதீர்கள். மேல் ரோமம் வெயில் நேராகத் தோலில் படாமலும் காக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் தோல் வெந்துபோகும். ஏ.சி. அறையில் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

அது மட்டுமல்ல, நாள் முழுக்க வண்டி இழுக்கப் பிறந்த இனம் இது. வேலை இல்லாவிட்டால் குழி தோண்டும், சுவர் ஏறிக் குதித்து ஓடிவிடும். காவலுக்கும் உதவாது. திருடனைப் பார்த்தாலும் வாலை ஆட்டும் ரகம்! குரைப்பதைவிட ஓநாய் மாதிரி ஊளையிடுவதுதான் அதற்கு அதிகம் பிடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஊளையிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இனி ஒரு சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். டாஷண்டு என்ற நீளக் குட்டை நாய் தெரியும் இல்லையா? ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் என்ற வளையில் வாழும் விலங்கு. 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்குள் புகுந்து பிடிப்பதற்காகவே காலைக் குட்டையாக்கி உடம்பை நீளமாக்கினார்கள். அதனால் முதுகெலும்புக்குப் பாரம் அதிகம். மூன்றாவது மாடியில் வீடு, லிப்ட் இல்லை என்றால், தினமும் படி ஏறி இறங்கியே அதன் முதுகு கெட்டுப்போகும். கட்டிலிலிருந்து குதிக்கவும் விடக்கூடாது.

லாப்ரடார்? கனடா பக்கம் மீனவர்களுக்கு வலை இழுக்க உதவிய நாயின் வாரிசு. அதனால்தான் தண்ணீரைக் கண்டால் தலைகால் புரியாது. ஆனால், சாப்பாட்டு ராமன்! "இப்போதுதானே போட்டேன்" என்று நீங்கள் சொன்னாலும் பட்டினி கிடந்தது மாதிரி பார்க்கும். நம்பிவிடாதீர்கள். சுமார் கால்வாசி லாப்ரடார்களுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் கண்டுபிடித்தார்கள். அது கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தால் குண்டாகி, இடுப்பு மூட்டு வலியில் அவதிப்படும்.

நம்ம ஊர் வீரர்கள்

"வெயில்தான் பிரச்னை என்றால், நம்ம ஊர் நாயையே வளர்த்தால் என்ன?" நல்ல கேள்வி! விருதுநகர் மாவட்டம் தந்த ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் ஊர் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. தேனி மாவட்டத்துக் கோம்பையும் அப்படித்தான். தென்மாவட்டங்களில் கன்னி என்ற இனமும் உண்டு. 2005 ஜனவரியில் இந்திய தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராஜபாளையமும் அதில் இடம்பிடித்தது. மற்ற மூன்று முதோல், ராம்பூர், ஹிமாலய ஆட்டு நாய். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்திய நாய் இனங்களைப் பற்றிப் பேசியபோது, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம்ம ஊர்ப் பெயர்களும் ஒலித்தன.

நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு, குட்டை ரோமம். இந்த வகையில் கவலை இல்லை. ஆனால், இவற்றுக்கும் 'பிறந்த வேலை' உண்டு! சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தி முயல் பிடித்த நாய்கள். நீளக் கால், குறுகிய இடுப்பு, ஆழமான மார்பு. விலா எலும்பு லேசாகத் தெரியும். "ஐயோ, பட்டினி போடுகிறார்கள்" என்று நினைக்காதீர்கள், அதன் வாகே அப்படித்தான். கயிற்றைக் கட்டி மெதுவாகத் தெருவைச் சுற்றினால் அதற்குப் போதாது. சுற்றுச்சுவர் உள்ள தோட்டமோ மைதானமோ வேண்டும். எதிரில் ஒரு பூனை ஓடினால் போச்சு, நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. வீட்டில் கோழி, முயல் வளர்ப்பவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ராஜபாளையம் பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கும். ஆனால், டால்மேஷியனுக்குச் சொன்ன அதே காது விஷயம் இங்கும் உண்டு. காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன. வாங்கும்போது, குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் இல்லாத நேரத்தில் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்! ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்த முறையில் தெரியாது. அதற்குக் கால்நடை டாக்டர்தான் சோதிக்க வேண்டும்.

நாய் இல்லாமல் நாய் வளர்ப்போமா?

எந்த இனம் என்று ஓரளவு முடிவு செய்துவிட்டீர்களா? இப்போது ஒரு ஜாலியான பரீட்சை. ஒரு வாரம், வீட்டில் நாய் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்திருங்கள். ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். சாயங்காலமும் அதே மாதிரி. மழை பெய்தாலும் போக வேண்டும். நாய்க்கு மழை நாள் லீவு கிடையாது. வழியில் இரண்டு இடத்தில் குனிந்து, பழைய பேப்பரில் எதையோ அள்ளுவது போல் செய்யுங்கள். எதை என்று சொல்ல வேண்டியதில்லை! தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு வேளை கழுவுங்கள். டி.வி.யில் உங்கள் கார்ட்டூன் ஓடும்போது நடுவில் எழுந்து போய் இல்லாத நாயோடு கால் மணி நேரம் விளையாடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போகும் முன் இல்லாத நாய்க்குச் சீவிவிடுங்கள். தெருவில் யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏழு நாளும் முடித்தீர்களா? ஒவ்வொரு நாளும் செய்தது, விட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, அம்மாவிடம் காட்டுங்கள். மூன்றாம் நாளே தூங்கிவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, மறைக்காமல் எழுதுங்கள். ஹஸ்கி வேண்டுமா, மீன் தொட்டி போதுமா என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

அப்பாவுக்கும் ஒரு வீட்டுப்பாடம். பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு உங்களைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். விற்பவர் தன் சரக்கைக் குறை சொல்ல மாட்டார், டாக்டர் சொல்வார். "இந்த இனத்துக்கு என்ன நோய் அதிகம் வரும்? மாதம் எவ்வளவு செலவாகும்? எங்கள் மாடி வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேளுங்கள். அந்த இனத்தின் வளர்ந்த நாயை ஏற்கெனவே வைத்திருக்கும் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். குட்டியாக இருக்கும்போது எல்லா நாயும் அழகுதான். வளர்ந்த நாயைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஊருக்குப் போனால் அதை எங்கே விடுவது, வாடகை வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ ரோம அலர்ஜியோ இருக்கிறதா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும்.

வாங்கும்போது...

தாய் நாயைப் பார்க்காமல் குட்டியை வாங்கவே கூடாது. "தாய் வேறு ஊரில் இருக்கிறது" என்றால் சந்தேகம்தான். தாய் படுத்திருக்கும் இடம் சுத்தமாக இருக்கிறதா, அது மெலிந்து சோர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். குட்டி போடும் இயந்திரம் மாதிரி அதை அடைத்து வைத்திருந்தால், அங்கே வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஏன் எட்டு வாரம்? கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரளும்போதுதான் குட்டி ஒரு முக்கியப் பாடம் படிக்கிறது. ஒரு குட்டி மற்றொன்றைப் பலமாகக் கடித்தால் அது 'வீல்' என்று கத்தி, விளையாட்டை நிறுத்திவிடும். "ஓகோ, இவ்வளவு பலமாகக் கடித்தால் யாரும் நம்மோடு விளையாட மாட்டார்கள்" என்று கடித்த குட்டிக்குப் புரிந்துவிடும். நாலு வாரத்திலேயே பிரித்துக் கூடையில் வைத்து விற்றால் இந்தப் பாடம் போச்சு, தாய்ப்பாலும் போச்சு.

"ஊசி எல்லாம் போட்டாச்சு சார்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்துத் தவணை தவணையாகப் போடுவது. வெறிநாய்க்கடிக்கான ஊசி சுமார் மூன்று மாதத்தில் போட்டு, பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல் தொடர வேண்டும்.

நாய் வாங்கித்தான் வளர்க்க வேண்டுமா என்ன? உங்கள் தெரு முனையில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிக்கு வெயில் தாங்கும், மழை தாங்கும், நீங்கள் சாப்பிடும் நேரமும் தெரியும்! 1959 முதல் சென்னையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிலும் வீடு தேடும் நாய்கள் காத்திருக்கின்றன. தெருக்குட்டியை எடுக்கும் முன் தாய் பக்கத்தில் இருக்கிறதா என்று பெரியவர்களை வைத்துப் பாருங்கள். தாய் நாய் கடித்துவிடும். அப்படி எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும் வீட்டில் மறைக்கக் கூடாது. உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, எல்லாம் விசாரித்து, அப்பா அம்மா சம்மதித்து, குட்டி வந்தே விட்டது! அன்றைக்கு வீட்டில் விருந்து தடபுடலாக இருக்கும். குட்டிக்கும் ஒரு வாய் பாயசம் கொடுக்கலாம் என்று தோன்றும். கூடாது! உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வெங்காய சாம்பாரும் வேண்டாம். வெங்காயம் அதன் ரத்த அணுக்களை அழித்துவிடும். முன்பு இருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே சில நாள் கொடுத்து, மெதுவாக மாற்றுங்கள்.

முதல் ராத்திரி அது அழும். தாயும் இல்லை, கூடப் பிறந்தவையும் இல்லை, இடமும் புதுசு. அழாமல் என்ன செய்யும்? அதனால், குட்டியைத் தூக்கி வரும்போதே ஒரு பழைய துணியைத் தாய் நாயின் மேல் நன்றாகத் தேய்த்து எடுத்து வாருங்கள். இரவில் படுக்கையில் அதை விரித்துவிடுங்கள். படுக்கையை வராந்தாவில் தனியாகப் போடாமல், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே போடுங்கள். முனகினால் கையை மட்டும் கீழே நீட்டுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிடும்.